ரங்கூன் பெட்டி: திறக்கும் முறை, படிக்கும் முறை, காக்கும் முறை

பழனி மலைப் பக்கத்தில், பெருமாள்மலையோ பண்ணைக்காடோ தாண்டிக்குடியோ, சில பழைய வீடுகளில் பரண் மேல் ஒரு தகரப் பெட்டி கிடக்கும். கேட்டால் "ரங்கூன் பெட்டி" என்பார்கள். உள்ளே கடுதாசிக் கட்டு, கணக்குச் சிட்டை, புரோநோட்டு, செல்லாத ஜப்பான் நோட்டு, பழுப்பேறிய போட்டோ. பர்மாவின் ரங்கூனிலிருந்து (இன்றைய மியான்மரின் யாங்கூன்) போரின்போது 1942-ல் காட்டு வழியாக நடந்து வந்தவர்களோடும், 1964-க்குப் பிறகு கப்பலில் வந்தவர்களோடும் தப்பி வந்த காகிதங்கள் இவை. அந்தப் பயணத்துக்குத் தாக்குப்பிடித்தவை இங்கே மலை ஈரத்தில் மட்கிப்போகின்றன. அதுவும் தாண்டினால் போகி வந்துவிடுகிறது. தபால் தலையையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை நெருப்பில் போடுகிற வீடுகள் நிறைய. அந்த மிச்சம்தான் முக்கியம். பெட்டியைத் திறப்பதிலிருந்து திரும்ப மூடுவதுவரை என்ன செய்ய வேண்டும் என்று கீழே சொல்கிறோம்.

எப்போது திறப்பது

ஐப்பசி, கார்த்திகையில் பெட்டியைத் தொடாதீர்கள். வடகிழக்கு மழையில் வீட்டுக்குள்ளேயே காற்றின் ஈரப்பதம் 85, 90 சதவீதம் நிற்கும். பல வருஷம் மூடிக் கிடந்த காகிதம் அந்தக் காற்றைக் குடித்தால் ஒரே வாரத்தில் பூசணம் பூத்துவிடும். தை பாதி கடந்து மாசி, பங்குனி வரை காய்ந்த காற்று வீசும் காலம்தான் சரி. அதிலும் மேகம் இறங்காத நாளாகப் பார்த்து, பகல் 11 மணிக்கு மேல் திறந்து 3 மணிக்குள் மூடிவிடுங்கள். சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கி அறையில் வையுங்கள். 45 முதல் 55 வரை காட்டினால் நிம்மதியாக வேலை செய்யலாம். 65-ஐத் தாண்டி நின்றால் அன்றைக்கு வேண்டாம்.

வெயிலில் காயப் போடும் பழக்கம் கூடாது. மிளகும் காப்பிக்கொட்டையும் காய்கிற முற்றத்தில் கடுதாசி காயக் கூடாது. மலை வெயில் குளிர்ச்சியாகத் தெரியும், ஆனால் மையை வெளுக்க வைத்துக் காகிதத்தை அப்பளம் போல் ஆக்கிவிடும். காற்றோட்டமுள்ள நிழல் போதும்.

பெட்டியைத் திறந்ததும் எதையும் எடுக்காமல் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு அடுக்கு எடுத்த பிறகும் இன்னொரு படம். எந்தக் கடுதாசி எந்தக் கட்டில், எந்த ரசீது எந்தச் சிட்டைக்குள் இருந்தது என்பதே ஒரு சாட்சியம். தேதியில்லாத ரசீதுக்கு அது செருகியிருந்த சிட்டைப் பக்கம்தான் தேதி சொல்லும். ஒருமுறை கலைத்துவிட்டால் அதை மறுபடி கட்ட முடியாது.

வெள்ளையாகவோ பச்சையாகவோ பூசணம் தெரிந்தால் என்95 முகமூடியும் நைட்ரில் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கட்டைத் தனியே பிரித்து வராந்தாவுக்குக் கொண்டுபோய், பூசணம் நன்றாகக் காய்ந்து பொடியான பிறகு ஆட்டுமுடித் தூரிகையால் ஒரே திசையில், உங்களை விட்டு வெளிப்புறமாகத் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் பூசணம் நாருக்குள் இறங்கிக் கறையாக நின்றுவிடும். பூசணமில்லாத காகிதத்துக்குக் கையுறை தேவையில்லை. கழுவித் துடைத்த வெறுங்கைதான் கிழியாமல் எடுக்கும்.

இராமபாணமோ அந்துவோ துளைத்திருந்தால், அந்தக் கட்டை பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 18 டிகிரி வரை போகிற ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். ஒற்றைக் கதவு பிரிட்ஜின் ஐஸ் அறை அவ்வளவு குளிராது. வெளியே எடுத்த பிறகு பையைப் பிரிக்காமல் ஒரு முழு நாள் விட வேண்டும். உடனே பிரித்தால் அறைக் காற்றின் ஈரம் முழுவதும் காகிதத்தில் வியர்வையாக இறங்கும். போட்டோவும் கண்ணாடித் தகடும் ஃப்ரீசருக்குள் போகக் கூடாது.

ஊரைத் தெரிந்துகொண்டால்தான் கடுதாசி பேசும்

ரங்கூன் எப்படி ஆன ஊர் என்று சுருக்கமாகவாவது தெரியாமல் இந்தக் காகிதங்களுக்கு வருஷம் போட முடியாது. ஆங்கிலேயர் பர்மாவை மூன்று போர்களில் பிடித்தார்கள். 1824-26 போரில் அரக்கானும் தெனாசரிமும் போயின. அப்போது அவர்களின் தலைமையிடம் மௌல்மீன். 1852-ல் ரங்கூனும் பெகு மாகாணமும் விழுந்தன. 1885-ல் மாந்தளை விழுந்து, தீபோ மன்னரை ரத்னகிரிக்கு அனுப்பிவிட்டு, 1886 ஜனவரி 1 முதல் நாடு முழுவதையும் இந்தியாவோடு சேர்த்தார்கள். எனவே 1852-க்கு முந்தைய வீட்டுக் காகிதம் இருந்தால் அது ரங்கூனை விட மௌல்மீனாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

1852-க்குப் பிறகு ரங்கூனைக் கட்டம் கட்டமாக வகுத்தார்கள். ஃப்ரேசர் என்ற ராணுவப் பொறியாளரும் மாண்ட்கோமரி என்ற மருத்துவரும் போட்ட திட்டம் அது. நடுவில் சூலே பகோடா. கிழக்கு மேற்காக ஆற்றங்கரையிலிருந்து வடக்கே ஸ்ட்ராண்ட் ரோடு, மெர்ச்சன்ட் தெரு, டல்ஹௌசி தெரு, ஃப்ரேசர் தெரு, மாண்ட்கோமரி தெரு. தெற்கு வடக்காக எண் போட்ட சந்துகள். மேற்கே சின்ன எண்ணில் தொடங்கிக் கிழக்கே போகப்போக எண் கூடும். கடுதாசியில் "29-ம் தெரு" என்றிருந்தால் சூலே பகோடாவுக்குச் சற்று மேற்கே என்று வரைபடத்தில் விரல் வைத்துவிடலாம். 40-க்கு மேல் என்றால் கிழக்கே பொட்டடாங் பக்கம்.

பெரிய தெருக்களுக்குச் சுதந்திரத்துக்குப் பின் பெயர் மாறியது. டல்ஹௌசி இப்போது மகா பந்துலா, ஃப்ரேசர் இப்போது அனவ்ரதா, மாண்ட்கோமரி இப்போது போஜ்யோ ஆங் சான். ஃபேயர் தெரு பன்சோடான் ஆனது. செட்டியார்களின் வட்டிக்கடைகள் வரிசையாக இருந்த முகல் தெரு ஷ்வே போன் தா ஆனது. 1926-ல் கட்டிய ஸ்காட் மார்க்கெட்டும் இன்று ஆங் சான் பெயரில்தான் இருக்கிறது. பழைய பெயரை இன்றைய வரைபடத்தில் தேடி, "இப்படி ஒரு தெருவே இல்லை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அனவ்ரதா தெருவில் 1871-ல் தமிழர் கட்டிய காளியம்மன் கோயில் இன்றும் நிற்கிறது. ஃப்ரேசர் தெருவில் "கோயிலுக்குப் பக்கம்" என்று முகவரி இருந்தால் முதலில் அதை நினைத்துப் பாருங்கள்.

ஊர்ப் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பார். ரங்கோன், ரெங்கூன், இரங்கூன் எல்லாம் ஒன்றுதான். நகருக்கு வெளியே அடிக்கடி வருபவை: அரிசி ஆலைகள் இருந்த பசுண்டாங், ரயில்வே பட்டறையும் சிறையும் இருந்த இன்செய்ன், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்த சிரியம், ஆற்றுக்கு அக்கரையில் கப்பல் பட்டறை இருந்த டலா. முகவரியில் இந்தப் பெயர் இருந்தாலே அவர் என்ன வேலை பார்த்திருக்கலாம் என்று பாதி தெரிந்துவிடும். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள் தொகை 4 லட்சத்தைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் இந்தியர். ஆகவே அங்கே தமிழில் மட்டுமே எழுதிப் பிழைப்பு நடத்தியவர் இருந்ததில் ஆச்சரியமில்லை.

வருஷம் கண்டுபிடிப்பது

முதலில் உறை. கடுதாசியை எடுத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போடாதீர்கள். 1937 மார்ச் 31 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம், இந்தியத் தபால் தலைதான் ஒட்டினார்கள். ரங்கூன் என்று தெரிவது முத்திரையில் மட்டுமே. 1937 ஏப்ரல் 1-ல் பர்மா பிரிந்தது. அன்று முதல் இந்தியத் தலையின் மேலேயே ஆங்கிலத்தில் "பர்மா" என்று கறுப்பு மையில் அச்சடித்துக் கொடுத்தார்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அந்தத் தலையில் இருப்பவர் ஐந்தாம் ஜார்ஜ். அவர் 1936 ஜனவரியிலேயே இறந்துவிட்டதால், படத்தைப் பார்த்து "1936-க்கு முந்தியது" என்று எழுதிவிடுகிறார்கள். மேலே "பர்மா" அச்சு இருந்தால் 1937 ஏப்ரலுக்கு முன் இருக்கவே முடியாது. 1938 நவம்பரில் பர்மாவுக்கென்றே ஆறாம் ஜார்ஜ் படத்தோடு தலைகள் வந்தன. யானை தேக்கு இழுப்பதும், உழவர் வயலில் நிற்பதும், ஐராவதியில் படகு போவதும் அந்த வரிசைதான். 1945-ல் இதே தலைகள் மேல் ராணுவ நிர்வாக அச்சு விழுந்தது.

தபால் தலை "இதற்கு முன் இல்லை" என்று மட்டும் சொல்லும். "இதற்குப் பின் இல்லை" என்று சொல்லாது, ஏனென்றால் வாங்கி வைத்த தலையைப் பிறகும் ஒட்டலாம். ரெவின்யூ ஸ்டாம்புக்கும் இதே விதி.

அடுத்து கடுதாசிக்குள் இருக்கும் தமிழ்த் தேதி. ஈஸ்வர வருஷம், வெகுதானிய வருஷம் என்று எழுதுவார்கள். அறுபது வருஷச் சுற்று சித்திரையில் தொடங்கும். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் இந்த வரிசைதான்: பிரமோதூத 1930-31, பிரசோற்பத்தி 1931-32, ஆங்கீரச 1932-33, ஸ்ரீமுக 1933-34, பவ 1934-35, யுவ 1935-36, தாது 1936-37, ஈஸ்வர 1937-38, வெகுதானிய 1938-39, பிரமாதி 1939-40, விக்கிரம 1940-41, விஷு 1941-42. பிறகு சித்திரபானு, சுபானு, தாரண. இந்த மூன்றும் 1942 சித்திரை முதல் 1945 பங்குனி வரை. ரங்கூன் 1942 மார்ச் 8-ல் ஜப்பானியர் கைக்குப் போய், 1945 மே 3-ல் திரும்ப ஆங்கிலேயரிடம் வந்தது. நடுவில் ரங்கூனுக்கும் இங்கேயும் வழக்கமான தபால் கிடையாது. ஆகையால் இந்த மூன்று வருஷப் பெயர் ஒன்று ரங்கூன் கடுதாசியில் இருப்பதாகத் தோன்றினால் மறுபடி படியுங்கள். சுபானு என்று படித்தது சுக்கிலவாக இருக்கலாம். அதாவது 1929-30. இன்னொரு எச்சரிக்கை: தாது 1876-77-லும் வரும். தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் அதுதான். 60 வருஷச் சந்தேகத்தைத் தீர்ப்பது தபால் தலையும் காகிதமும்தான்.

இனி எண்கள். பழைய சிட்டையில் தமிழ் இலக்கம்தான் இருக்கும், அது எழுத்து மாதிரியே தெரிந்து ஏமாற்றும். ௧ க போல, ௨ உ போல, ௩ ங போல, ௪ ச போல, ௫ ரு போல, ௬ சு போல, ௭ எ போல, ௮ அ போல, ௯ கூ போல. ௰ என்பது பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௯௱௩௰௭ என்றிருந்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு. மிகவும் ஏமாறுவது ௫-ல்தான். ரூபாய் என்று எழுத வந்த "ரூ" என்று நினைத்து ஐந்தை விட்டுவிடுகிறார்கள். கடுதாசி உச்சியில் தனியாக நிற்கும் "உ" பிள்ளையார் சுழி, எண் அல்ல. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௷ வரவு, ௶ பற்று, ௸ மேற்படி, ௹ ரூபாய். அணாக் கணக்கில் வீசம் என்று வந்தால் பதினாறில் ஒன்று, ரூபாயில் அது ஓர் அணா. 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா. ரங்கூன் ரூபாயும் மெட்ராஸ் ரூபாயும் ஒரே மதிப்புதான். அந்தக் காலத் தொகையை மாற்றிக் கணக்குப் போட வேண்டியதில்லை.

ஓர் உறையை எடுத்து இதைச் செய்து பார்ப்போம். ஐந்தாம் ஜார்ஜ் தலை, மேலே "பர்மா" அச்சு, முத்திரை அழிந்துபோயிருக்கிறது. உள்ளே உச்சியில் உ, அடுத்து "ஈஸ்வர ௵ ஆடி ௴ ௭ ௳, முகல் தெரு". தலை சொல்வது 1937 ஏப்ரலுக்குப் பின். ஈஸ்வர என்றால் 1937-38. ஆடி முதல் தேதி ஜூலை 16, 17 வாக்கில் வரும், ஏழாம் தேதி ஜூலை 22 அல்லது 23. இடம் செட்டியார் கடைத்தெரு. நான்கு அடையாளங்களும் ஒன்றுக்கொன்று முரணில்லை. 1937 ஜூலை என்று பென்சிலால் எழுதலாம். ஒன்று முரண்பட்டால் எதையும் எழுதாமல், எது எதோடு முரண்படுகிறது என்பதை மட்டும் குறித்து வையுங்கள்.

கையெழுத்திலும் ஒரு கண்ணி உண்டு. வட்டிக்கடைக் காகிதங்களில் புள்ளி வைத்த மூன்று நான்கு எழுத்துகள் இருக்கும். அது கடையின் விலாசம், முதலாளி குடும்பத்தின் பெயரெழுத்துகள். ஏஜென்டாகப் போனவர் முதலாளி விலாசத்திலேயே கையெழுத்துப் போடுவார். அந்த எழுத்துகளைத் தாத்தாவின் பெயர் என்று கொண்டு வேறொரு குடும்பத்தின் வரலாற்றைத் தம்முடையதாக எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. புரோநோட்டில் கடன் வாங்கியவர் பெயர், கொடுத்த கடை விலாசம், எழுதியவர் பெயர் மூன்றையும் தனித்தனியே குறியுங்கள்.

போர்க்காலக் காகிதம்

ரங்கூன் மேல் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. அதற்குப் பிறகு லட்சக்கணக்கானவர் கிளம்பினார்கள். பிரோமிலிருந்து டவுங்குப் கணவாய் வழியாக அரக்கான் போய்ச் சிட்டகாங் பிடித்தவர் உண்டு. தமு, பலேல் வழியாக இம்பால் வந்து திமாப்பூரில் ரயில் ஏறியவர் உண்டு. ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக லெடோ வந்தவர் உண்டு. ஆயிரக்கணக்கில் வழியிலேயே இறந்தார்கள். பெட்டியில் கசங்கிய துண்டுச் சீட்டில் இந்த ஊர்ப் பெயர்களில் ஒன்று இருந்தால், அது வெறும் சீட்டு அல்ல, அவர்கள் எந்த வழியில் வந்தார்கள் என்பதற்கான ஒரே சான்றாக இருக்கலாம். அதைத்தான் முதலில் படம் எடுத்து முதலில் பத்திரப்படுத்த வேண்டும்.

ஜப்பானியர் பர்மாவைப் பிடித்திருந்தபோது வெளியிட்ட நோட்டை அடையாளம் காண்பது எளிது. ராஜா படம் இருக்காது, வரிசை எண் இருக்காது, ஆங்கிலத்தில் பி என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடு இருக்கும், மதிப்பு ரூபாயிலோ சென்ட்டிலோ இருக்கும். எம் என்று தொடங்கி டாலர் என்றிருந்தால் அது மலாயா நோட்டு, அந்தக் குடும்பம் பினாங்குப் பக்கமும் போயிருக்கலாம். 1944-ல் ரங்கூனில் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வங்கி தொடங்கியது. இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையகமும் அந்த ஜனவரியில் அங்கே வந்தது. அந்த வருஷங்களின் நன்கொடை ரசீது இருந்தால் அது தபாலில் வந்ததல்ல, கையோடு கொண்டுவந்தது.

இந்த மலையில் இன்னொரு குழப்பம் உண்டு. இங்கே இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களும் இருக்கின்றன. 1964 அக்டோபர் இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி வந்தவர்களின் காகிதத்தில் தலைமன்னார், ராமேஸ்வரம், மண்டபம் முகாம் வரும். பர்மாவிலிருந்து வந்தவர்களின் காகிதத்தில் ரங்கூன் துறைமுகமும் மெட்ராஸ் துறைமுகமும் வரும். ஒரே வீட்டில் கொண்டவர் வழியில் ஒன்றும் கொடுத்தவர் வழியில் ஒன்றுமாக இரண்டும் இருப்பதுண்டு. தனித்தனி உறையில் பிரியுங்கள்.

விரிப்பது, திருத்துவது

மடித்து இறுகிய கடுதாசியை இழுத்து விரித்தால் மடிப்பிலேயே இரண்டாகும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் அடியில் ஈரம் பிழிந்த பிளாட்டிங் காகிதம் (மை ஒற்றும் தாள்) போடுங்கள். மேலே கம்பி வலை, வலை மேல் கடுதாசி. தண்ணீர் நேராகப் படக் கூடாது. மூடி வைத்து அரைமணிக்கு ஒருமுறை பாருங்கள். 2 முதல் 4 மணி நேரத்தில் தானே தளரும். இரவு முழுவதும் விட்டால் பூசணம் பிடிக்கும். தளர்ந்ததும் இரண்டு காய்ந்த பிளாட்டிங் காகிதங்களுக்கு நடுவே வைத்துக் கண்ணாடிப் பலகையை மேலே வைத்து ஒரு நாள் விடுங்கள். நடுவில் ஒருமுறை பிளாட்டிங் காகிதத்தை மாற்ற வேண்டும்.

செய்யுமுன் ஒன்று பாருங்கள். சாம்பல் நிறத்தில் பென்சில் போல் இருந்து, ஈரம் பட்ட இடத்தில் ஊதாவாக மாறியிருந்தால் அது காப்பியிங் பென்சில். கணக்குப்பிள்ளைகள் அதைத்தான் நிறையப் பயன்படுத்தினார்கள். அந்தத் தாளுக்கு ஈர டப்பா கூடவே கூடாது, பக்கம் முழுவதும் ஊதாவாகப் பரவிவிடும். அதை மடித்தபடியே வைத்து, தெரிகிற அளவு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

துருப்பிடித்த குண்டூசியை உருவாதீர்கள். ஊசிக்கு இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, ஊசியைத் தளர்த்தி மெல்ல நகர்த்துங்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் போடாதீர்கள். டேப்பின் பசை பழுப்பாகி எழுத்தைத் தின்னும். லேமினேஷன் போட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. கிழிந்த துண்டுகளை ஒரே மெல்லிய உறையில் சேர்த்து வைத்தாலே போதும்.

படம் எடுக்கும்போது வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரம், ஃபிளாஷ் இல்லாமல், கேமரா தாளுக்கு நேர் மேலே. பக்கத்தில் ஓர் அளவுகோல். வெற்றுப் பின்பக்கத்தையும், உறையின் முன்பின் இரண்டையும் சேர்த்து எடுங்கள். ஸ்கேனர் கிடைத்தால் 600 டிபிஐ. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண்ணை அசலின் பின் மூலையில் ஹெச்பி பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா வேண்டாம். படங்களை ஒரு பிரதி கீழே வத்தலக்குண்டிலோ மதுரையிலோ உறவுக்காரர் வீட்டில் வையுங்கள்.

திரும்ப வைப்பது

பழைய தகரப் பெட்டி நினைவுக்கு நல்லது, காகிதத்துக்கு அல்ல. இரவுக் குளிரில் உட்புறம் வியர்த்துத் துரு சொட்டும். இறுக மூடும் 25 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி எடுங்கள். தாளுக்கு அமிலமில்லாத உறை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கஞ்சி போக இரண்டு முறை துவைத்துக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாள் கூடாது. அரைக்கிலோ சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி, காகிதத்தில் படாமல் மூலையில் வையுங்கள். நிறம் மாறினால் அடுப்பில் 110, 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கி மறுபடி வைக்கலாம். ஈரப்பதமானியையும் உள்ளேயே வைத்தால் மாதம் ஒருமுறை மூடியைத் திறக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

வசம்பு நம் பெரியவர்கள் ஏட்டுச் சுவடிக்கு வைத்ததுதான். இங்கேயும் வைக்கலாம். ஆனால் பொடியாகத் தூவாமல் துணி முடிச்சாக. பாச்சை உருண்டையைப் போட்டோ இருக்கும் பெட்டியில் போட வேண்டாம்.

பெட்டியைத் தரையிலிருந்து நான்கு அங்குலமாவது உயர்த்தி, வெளிச்சுவரில் ஒட்டாமல் உள்சுவர்ப் பக்கம் வையுங்கள். மலை வீடுகளில் மழை அடிக்கும் சுவர் கார்த்திகை முழுவதும் ஈரம் கசியும். கணப்பு இருக்கும் அறையும் ஆகாது. பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டுத் தாள் சுருங்கி விரிந்து உடையும்.

பெயரும் வருஷமும் உறுதியான பிறகு மேலே தேட வேண்டுமென்றால், எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகும்போது அசலை எடுத்துப்போகாதீர்கள். எண் போட்ட படங்களின் அச்சும், எந்த வருஷம், எந்தத் தெரு, எந்த விலாசம் என்று ஒரே தாளில் எழுதிய குறிப்பும் போதும்.